வாகை அடியில் முளைத்தது ரெய்ஷியா?

கேள்வி: பள்ளத்தூர் பக்கம் எங்கள் தென்னந்தோப்பு ஓரத்தில் பட்டுப்போன வாகை மரம் ஒன்று நிற்கிறது. அதன் அடியில் வார்னிஷ் அடித்தாற்போலச் செம்பழுப்புக் காளான் முளைத்திருக்கிறது. மருந்துக் காளானான ரெய்ஷி என்று சொல்லி ஒருவர் விலைக்குக் கேட்கிறார். டிஎன்ஏ சோதனையில் உறுதியாகுமா ஐயா? இதையே வித்தாக்கி வளர்க்கலாமா?

பதில்: அந்தப் பளபளப்பை வைத்து கானோடெர்மா என்று பேரினம் வரை சொல்லலாம். அதற்கு மேல் கண்ணால் பார்த்தே இனம் சொல்பவரை நான் நம்பமாட்டேன். கானோடெர்மா லூசிடம் என்பதில் வரும் லூசிடம், 1781இல் இங்கிலாந்துக் காளான் ஒன்றுக்கு வைத்த இனப்பெயர். ரெய்ஷி என்கிற சீனத்து லிங்சிக்கும் அதையே ஒட்டி வைத்திருந்தார்கள். இரண்டும் வேறு என்று தெளிந்து, கானோடெர்மா லிங்சி என்று தனிப்பெயர் வந்ததே 2012இல்தான்.

ஊரில் பத்து மெய்யப்பன் இருந்தால் விலாசம் கேட்டுத்தானே வீட்டைப் பிடிக்கிறோம்? காளானுக்கு அந்த விலாசம் ஐடிஎஸ் என்ற டிஎன்ஏ துண்டு. ரைபோசோம் மரபணுக்கள் அவ்வளவாக மாறாது. அவற்றின் இடையில் கிடக்கும் இந்தத் துண்டு இனத்துக்கு இனம் மாறும். பிசிஆர் என்ற டிஎன்ஏ நகலெடுக்கும் முறையில் அதைப் பெருக்கி, வரிசையைப் படித்து ஒப்பிடுவார்கள். கானோடெர்மாவில் சில சமயம் இது தெரு வரைதான் கொண்டுவிடும். அதனால் டெஃப்1, ஆர்பிபி2 மரபணுக்களையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒப்பிடப் பயன்படும் ஜென்பேங்க் என்ற டிஎன்ஏ தரவுத்தளத்தில் பழைய தப்புப் பெயர்கள் ஏராளம். '99 சதவீதம் லூசிடம்' என்று தாள் வந்தால் துள்ள வேண்டாம். மருந்துச் சத்து எவ்வளவு என்பதை டிஎன்ஏ சொல்லாது, அதற்கு வேறு சோதனை.

மாதிரி எடுக்குமுன் மேல்புறம், அடிப்புறம், மரம் மூன்றையும் போட்டோ எடுங்கள். உள்சதையில் சுத்தமான துண்டாக வெட்டி, நன்றாக உலர்த்தி, காகித உறையில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் பூசணம் பிடித்துவிடும், அப்புறம் ஆய்வகம் அந்தப் பூசணத்தின் பெயரைத்தான் அனுப்பும்.

வித்து விஷயத்துக்கு வருகிறேன். தோப்பில் வேண்டவே வேண்டாம். தென்னைக்குத் தஞ்சாவூர் வாடல் நோயைக் கொண்டுவருவதும் கானோடெர்மாதான். உங்கள் வாகைக் காளான் எந்த இனம் என்று தெரியும்வரை அதை எதிரியாகவே வையுங்கள். காளானை அகற்றி, மரத்தை வேரோடு தோண்டி எரித்துவிடுங்கள். பக்கத்துத் தென்னைகளின் அடித்தண்டில் செம்பழுப்பு நீர் வடிகிறதா என்று இன்றே பாருங்கள். வடிந்தால் ரெய்ஷியை மறந்துவிட்டு, போட்டோவோடு குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போங்கள்.