துளையும் வேண்டாம், புளியும் வேண்டாம்

அமெரிக்க நாணயங்கள் பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர்: பீடோங் நகைப் பத்தர்

போன இதழில் பழைய மலாயாக் காசுகளைப் பற்றிச் சொல்லும்போது, போகிற போக்கில் அமெரிக்க டாலரையும் தொட்டுவிட்டுப் போனேன். கடிதமும் வாட்ஸ்அப் படமுமாக வந்து குவிந்துவிட்டன. கெடாவில் இத்தனை வீட்டுப் பெட்டிகளில் அமெரிக்கக் காசு கிடக்கிறது என்று யார் நினைத்தார்கள்! நான் ஆராய்ச்சியாளன் இல்லை. பீடோங் கடைத்தெருவில் பட்டறை வைத்து நகை செய்தவன். எந்தக் காசு கைக்கு வந்தாலும் முதலில் தராசில் வைப்பேன், அப்புறம்தான் கண்ணாடி மாட்டுவேன். என் பதில்களும் அந்த வரிசையில்தான் இருக்கும்.

*கேள்வி: மாமியாரின் டிரங்குப் பெட்டியில் ஒரு பெரிய வெள்ளிக்காசு கிடைத்தது. ஒரு பக்கம் மூட்டைகள் மேல் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், கீழே 1877. மறுபக்கம் கழுகும் ‘ட்ரேட் டாலர்’ என்ற எழுத்தும். ஆங்காங்கே சின்னச் சின்னச் சீன முத்திரைகள் குத்தியிருக்கின்றன. நகைக்கடையில் நிறுத்து 27.1 கிராம் என்றார்கள். துளை போட்டு மகளின் காசுமாலையில் நடுக்காசாகக் கோக்கலாம் என்றிருக்கிறேன். அசல்தானா? (இல்லத்தரசி, பாடாங் செராய்)*

அம்மா, காசுமாலை யோசனையை முதலில் தள்ளி வையுங்கள். துளை போட்டாலும் சரி, வளையம் பற்றவைத்தாலும் சரி, சேகரிப்பவர்கள் அதைச் சேதமான காசு என்றுதான் எடுப்பார்கள். அந்த வேலையை நானே எத்தனையோ பேருக்குச் செய்து கொடுத்திருக்கிறேன். ஜார்ஜ் மன்னர் காசு மூட்டை மூட்டையாகக் கிடைத்த காலத்தில் அது சரி. இது வேறு சாதிக் காசு.

சீன வியாபாரத்தில் அப்போது கொடிகட்டிப் பறந்தது மெக்சிகோ டாலர். அதை முந்துவதற்காகவே அமெரிக்கா 1873இல் இந்த ட்ரேட் டாலரை அடித்தது. உள்நாட்டு வெள்ளி டாலர் 26.73 கிராம், இது 420 கிரெயின், அதாவது 27.2 கிராம். எடையும் தரமும் காசிலேயே, கழுகின் காலடியில் ‘420 கிரெயின்ஸ், 900 ஃபைன்’ என்று பொறித்திருக்கும். ஆயிரத்தில் 900 பங்கு வெள்ளி என்று கணக்கு. பினாங்கு, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றத்திலும் 1870களில் இது செல்லுபடியானது. ஆகவே உங்கள் மாமியார் வீட்டுப் பெட்டிக்கு அது வந்து சேர்ந்ததில் அதிசயம் ஒன்றும் இல்லை.

சொந்த ஊரில்தான் அதற்கு மரியாதை இல்லாமல் போனது. வெள்ளி விலை சரிந்ததும், 1876இல் அமெரிக்க நாடாளுமன்றம் உள்நாட்டில் அதன் செல்லுபடியை எடுத்துவிட்டது. 1887இல் அரசாங்கமே திரும்ப வாங்கிக்கொண்டபோதும், சிதைந்த காசு வேண்டாம் என்று சீன முத்திரை குத்தியவற்றை ஒதுக்கிவிட்டது. சீன வியாபாரியோ, ‘வெள்ளி சரி, நான் பார்த்துவிட்டேன்’ என்பதற்குத்தான் அந்த முத்திரையைக் குத்தினான். இன்றைக்கு முத்திரைக் காசுகளை மட்டுமே தேடிச் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இனி உங்கள் காசு. தேய்மானத்தைக் கழித்தால் 27.1 என்பது பொருந்துகிற எடை. ஆனால் எடை தப்பினால் போலி என்று சொல்லிவிடலாம். எடை சரியாக இருந்தால் அசல் என்று சொல்லிவிட முடியாது. அதனால் இதைச் செய்யுங்கள். மின்தராசில் தண்ணீர்த் தம்ளரை வைத்து எண்ணைப் பூஜ்ஜியம் ஆக்குங்கள். காசை நூலில் கட்டி, அடியிலும் ஓரத்திலும் படாமல், முழுக்க முங்கும்படி தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். நூலைக் கையிலேயே பிடித்திருக்க வேண்டும். தராசு 2.6 கிராம் பக்கம் காட்டினால் வெள்ளி. செம்பு, நிக்கல் கலவை என்றால் 3 கிராமைத் தாண்டிவிடும். காசுக்கு ஒரு கீறல்கூட விழாது. உரைகல்லில் தேய்த்துப் பார்க்கிறேன் என்று யாராவது சொன்னால் காசைக் கையில் கொடுக்காதீர்கள், அது பத்தராகவே இருந்தாலும்.

அடுத்து முத்திரைகளை லென்ஸில் பாருங்கள். உளி வைத்துக் குத்தினால் உலோகம் ஒதுங்கி, பள்ளத்தைச் சுற்றி மெல்லிய வரப்பு எழும்பும். அதே இடத்தில் பின்பக்கம் லேசாகத் தட்டையாகியிருக்கும். அச்சில் வார்த்த போலியில் பள்ளம் இருக்கும், வரப்பு இருக்காது. முத்திரையின் உட்புறமும் சோப்புக்கட்டிபோல் வழவழவென்று இருக்கும். இந்த ஒரு சோதனையை மட்டும் கடைக்காரன் வாய்ச்சொல்லை நம்பி விட்டுவிடாதீர்கள். 1873க்கு முந்திய ஆண்டு போட்ட ட்ரேட் டாலர்கூடச் சந்தையில் கிடைக்கிறது. அதற்குத் தராசே தேவையில்லை.

உங்களுடையது எல்லாச் சோதனையிலும் தேறினால், அமெரிக்காவில் தரம் பிரிக்கும் பிசிஜிஎஸ், என்ஜிசி என்ற இரண்டு நிறுவனங்களில் ஒன்றுக்கு, கோலாலம்பூர் நாணய வியாபாரி ஒருவர் மூலம் அனுப்பிப் பார்க்கலாம். 1 முதல் 70 வரை மதிப்பெண் போட்டு, பெட்டியில் அடைத்துத் தருவார்கள். மகளுக்கு அந்தப் பெட்டியையே கொடுங்கள்.

*கேள்வி: நான் கூலிமில் படித்த காலத்தில் பீஸ் கோர் அமைப்பிலிருந்து வந்த அமெரிக்க ஆசிரியர் எங்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். ஊருக்குத் திரும்பும்போது கென்னடி படம் போட்ட அரை டாலர் ஒன்றை எனக்குப் பரிசாகத் தந்தார். ஆண்டு 1964. இப்போது கறுத்துப் போயிருக்கிறது. புளி போட்டுத் தேய்க்கலாமா, விபூதி போதுமா? (ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர், லுனாஸ்)*

இரண்டும் வேண்டாம் ஐயா! குத்துவிளக்குக்குப் புளி, வெள்ளிக் கும்பாவுக்கு விபூதி, காசுக்கு ஒன்றுமே இல்லை. புளி மேல்தோலை அரிக்கும். விபூதி கண்ணுக்குத் தெரியாமல் கோடு கோடாக இழுத்துவிடும். பளபளவென்று ஆன பழங்காசைப் பார்த்ததுமே வியாபாரி விலையைப் பாதியாக்கிவிடுவான். அந்தக் கறுப்பு, வெள்ளி காற்றோடு பழகியதற்கு அடையாளம். கறுக்கவே இல்லை என்றால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

உங்கள் ஆசிரியர் நல்ல காசாகப் பார்த்துத்தான் தந்திருக்கிறார். கென்னடி 1963 நவம்பரில் சுடப்பட்டார். அடுத்த மார்ச்சிலேயே இந்தக் காசு வெளிவந்தது. ஜனங்கள் வங்கியில் வரிசை கட்டி வாங்கி, செலவழிக்காமல் நினைவுப் பொருளாக வைத்துக்கொண்டார்கள். 1964இல் அடித்தது நூற்றுக்கு 90 பங்கு வெள்ளி, எடை 12.5 கிராம். 1965 முதல் 1970 வரை வெள்ளி 40 பங்காக இறங்கி, எடை 11.5 ஆனது. 1971இலிருந்து புழக்கத்துக்கு விட்டதில் வெள்ளியே கிடையாது, 11.34 கிராம். தராசு இல்லாவிட்டால் விளிம்பைப் பாருங்கள். நடுவில் செம்புக் கோடு பளிச்சென்று தெரிந்தால் வெள்ளி இல்லாதது. 10 சென்ட், 25 சென்ட் காசுகளுக்கும் இதே 1964தான் எல்லைக்கோடு.

பத்திரப்படுத்துவதில்தான் கவனம் வேண்டும். நம் ஊர் ஈரம் பொல்லாதது. புத்தகக்கடையில் மலிவாகக் கிடைக்கும் மெத்தென்ற பிளாஸ்டிக் உறை பெரும்பாலும் பிவிசி. சில வருஷத்தில் காசின் மேல் பச்சையாகப் பிசுபிசுப்பு கட்டும். கெட்டியான, வாசனை இல்லாத உறையில் போட்டு, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். எடுக்கும்போது விளிம்பைப் பிடித்துத் தூக்குங்கள். ஐந்து விரலும் முகத்தில் பதிகிற மாதிரி பிடித்துக்கொண்டு படம் அனுப்பியிருக்கிறீர்கள், பார்த்ததும் பதறிவிட்டேன்.

*கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா 50 மாநிலக் குவார்ட்டர்களையும் (25 சென்ட் காசுகள்) ஆல்பத்தோடு அனுப்பினார். பத்து வருஷத்தில் விலை ஏறுமா? (இரண்டாம் படிவ மாணவன், சுங்கைப்பட்டாணி)*

ஏறாது தம்பி. 1999 முதல் 2008 வரை, பத்து வாரத்துக்கு ஒரு மாநிலம் என்று கோடிக்கணக்கில் அடித்துத் தள்ளினார்கள். டெலவேரில் ஆரம்பித்து ஹவாயில் முடித்தார்கள்; அந்த மாநிலங்கள் நாட்டில் சேர்ந்த வரிசை அது. வரைபடத்தை விரித்து வைத்து ஒவ்வொன்றாகப் பார், காசு அதற்குத்தான். 2004 விஸ்கான்சின் காசில் மட்டும் ‘டி’ என்ற டென்வர் நாணயச்சாலை எழுத்து இருந்தால், சோளக்கதிரின் இடப்பக்கம் கூடுதலாக ஒரு இலை முளைத்திருக்கிறதா என்று லென்ஸில் பார். இருந்தால் சித்தப்பாவுக்குச் சொல்லாதே.

*கேள்வி: பழைய சாமான் சந்தையில் சிவப்பாக ஒரு 1943 அமெரிக்க சென்ட். செம்பில் அடித்த 1943 கோடிக்கணக்கில் விலை போகும் என்கிறார் கடைக்காரர். எனக்கு 800 ரிங்கிட்டுக்குத் தருகிறாராம். (லாரி ஓட்டுநர், குரூண்)*

கோடி போகிற காசை 800க்கு ஏன் தருகிறார் என்று அவரிடமே கேட்டிருக்கலாமே. உலகப் போரில் செம்பு வேண்டியிருந்ததால், 1943இல் இரும்பின் மேல் துத்தநாகம் பூசி சென்ட் அடித்தார்கள். தவறிப்போய்ச் செம்பில் விழுந்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. சந்தையில் இருப்பது அந்த இரும்புக் காசுக்குச் செம்பு முலாம் போட்டது. காந்தம் வையுங்கள், ஒட்டிக்கொள்ளும். ஒட்டாவிட்டால் 1948இன் எட்டைச் சுரண்டி மூன்றாக்கியதாக இருக்கும். இந்த வேலைக்கு என்னைப்போல் ஒரு பத்தர்தான் கை கொடுத்திருப்பான், அதை நினைத்தால்தான் கோபம் வருகிறது.

*கேள்வி: எங்கள் தாத்தா ஹார்வர்ட் தோட்டத்தில் கிராணியாக இருந்தார். அங்கே இருந்த ஒரு துரை கொடுத்தது என்று வெள்ளிக்காசு ஒன்று வைத்திருந்தார். ஒரு பக்கம் ‘யுனைடெட் ஸ்டேட்ஸ் ஆஃப் அமெரிக்கா’, 1908. மறுபக்கம் ‘பிலிப்பினாஸ்’ என்று இருக்கிறது. எடை 20 கிராம்தான். எடை குறைகிறதே, போலியா? (பீடோங் வாசகி)*

நம்ம ஊர்க் கேள்வி! ஹார்வர்ட் தோட்டம் அமெரிக்க ரப்பர் கம்பெனியுடையது என்பது இங்கே பெரியவர்களுக்குத் தெரியும். துரைமார் கையில் பிலிப்பைன்ஸ் காசு இருந்தது பொருத்தம்தான். அந்த நாடு அப்போது அமெரிக்கா கையில் இருந்தது. 1903 முதல் அதற்கென்று தனிக் காசு. சுத்தியல் பிடித்துப் பட்டடைக் கல் ஓரமாக நிற்கும் பெண், பின்னால் புகை கக்கும் மயோன் எரிமலை. வரைந்தவர் மெலேசியோ ஃபிகெரோவா என்ற பிலிப்பினோ. கையில் சுத்தியலோடு இருப்பதால் எனக்கு அவள் மேல் தனிப் பிரியம்.

எடையில் குறை இல்லை. முதலில் வந்த பெசோ ஏறக்குறைய 27 கிராம். வெள்ளி விலை ஏறியதும், உருக்கி விற்றாலே லாபம் என்று ஆகிவிட்டது. அதனால் 1907இலிருந்து 20 கிராமாகக் குறைத்து, தரத்தையும் 900இலிருந்து 800 ஆக்கினார்கள். அதே 1907இல், அதே காரணத்துக்காக, நம் எட்வர்ட் மன்னர் டாலரும் 26.95 கிராமிலிருந்து 20.2க்கு இறங்கியது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு வரலாற்றுப் பாடமே நடத்தலாம். அமெரிக்கக் காசு சேர்க்க எங்கே தொடங்குவது என்று கேட்டு எழுதிய மற்றவர்களுக்கும் இதுதான் பதில். எல்லாரும் ஓடுகிற மார்கன் டாலர் என்ற பழைய அமெரிக்க வெள்ளிக்காசு பின்னால் ஓடாமல், இந்த வட்டாரத்தில் புழங்கிய அமெரிக்கக் காசைத் தேடுங்கள். மார்கனுக்குப் போலி அதிகம், போட்டியும் அதிகம்.

*கேள்வி: அமெரிக்கா ஒரு சென்ட் அடிப்பதை நிறுத்திவிட்டதாமே. வாங்கிப் பதுக்கலாமா? (மளிகைக்கடைக்காரர், சுங்கை லாலாங்)*

2025 நவம்பரில் பிலடெல்பியாவில் புழக்கத்துக்கான கடைசி சென்ட்டை அடித்தார்கள். 1793இல் தொடங்கியது. ஒரு சென்ட் அடிக்க 3.7 சென்ட் வரை செலவானால் யார்தான் தாங்குவார்கள்? ஆனால் பல்லாயிரம் கோடிக் காசு இன்னும் வெளியே கிடக்கிறது. நம் ஒரு சென்னும் 2008 ஏப்ரலோடு கல்லாவிலிருந்து போனது. அன்றைக்கு டப்பா டப்பாவாகப் பதுக்கியவர் யாராவது வீடு கட்டினாரா? அந்தப் பணத்துக்குச் சரக்கு போடுங்கள் அண்ணாச்சி.

*கேள்வி: ஹாட்ஞாய் போனபோது 1804ஆம் ஆண்டு அமெரிக்க டாலரை 150 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். இது மிக அரிய காசு என்று இணையத்தில் பார்த்ததிலிருந்து தூக்கம் வரவில்லை. (பேருந்து நடத்துநர், அலோர்ஸ்டார்)*

நிம்மதியாகத் தூங்குங்கள். அந்த ஆண்டு போட்ட அசல் டாலர் உலகத்திலேயே இருபதுக்கும் குறைவு. அவையும் 1804இல் அடித்தவை அல்ல. வெளிநாட்டு அரசர்களுக்குப் பரிசளிக்க 1834இல் பழைய ஆண்டைப் போட்டு அடிக்கத் தொடங்கியவை. அப்படி ஒன்று 1836இல் சியாம் மன்னர் மூன்றாம் ராமாவுக்குப் போனது. நம் கெடாவே அப்போது சியாம் பிடியில் இருந்த காலம். ‘சியாமுக்கு வந்த காசு, அதனால்தான் ஹாட்ஞாயில் கிடைக்கிறது’ என்று கடைக்காரன் கதை கட்டியிருப்பான். மன்னருக்குப் போன காசு இப்போது எங்கே இருக்கிறது என்பது சேகரிப்பவர்கள் எல்லாருக்கும் தெரியும். ஹாட்ஞாய்ச் சந்தையில் இல்லை. உங்கள் படத்தில் காசின் விளிம்பைச் சுற்றி வார்ப்பு ஒட்டிய கோடு தெளிவாகவே தெரிகிறது. பேரனுக்கு விளையாடக் கொடுத்துவிட்டு, அடுத்த தடவை போனால் டோம்யாம் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.