கிளிப் போட்ட முதல் வாரம்

கேள்வி: என் 14 வயது மகளுக்கு முந்தாநாள் பல்லில் கிளிப் போட்டோம். எதையும் கடிக்க முடியவில்லை என்கிறாள். கன்னத்தின் உட்புறம் உரசிப் புண்ணாகிவிட்டது. பற்கள் லேசாக ஆடுகின்றனவாம். வயரைத் தளர்த்தச் சொல்லலாமா டாக்டர்?

பதில்: வேண்டாம். வயர் மாட்டிய சில மணி நேரத்தில் வலி தொடங்கும். முதல் இரண்டு நாள்தான் உச்சம். பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும். பல் வேரைத் தாடை எலும்போடு பிணைக்கும் நார்த்திசு ஒரு பக்கம் அழுந்தி, அங்குள்ள எலும்பு கரைந்தால்தான் பல் நகரும். வலியும் லேசான ஆட்டமும் அதனால் வருபவை.

வயதுக்கும் எடைக்கும் உரிய அளவில் பாராசிட்டமால் போதும். ஐபுபுரூஃபனும் வலியைக் குறைக்கும். ஆனால் பல் நகரத் தேவையான புரோஸ்டாகிளாண்டின் என்ற உடலின் வேதிப்பொருளையும் சேர்த்துக் குறைப்பதால், டாக்டரைக் கேட்காமல் நாள்கணக்கில் கொடுக்க வேண்டாம். சாப்பிடும் முன் குளிர்ந்த நீரை வாயில் சற்று நேரம் வைத்திருக்கட்டும். ஆரம்பத்தில் போடும் நிக்கல்-டைட்டானியம் வயர் குளிர்ச்சியில் இளகும். அழுத்தம் சிறிது நேரம் குறையும். அதற்காக ஐஸ்கட்டியைக் கடித்தால் பிராக்கெட் (வயரைப் பிடித்திருக்க ஒவ்வொரு பல்லிலும் ஒட்டிய சிறு துண்டு) பெயர்ந்துவிடும்!

புண்ணுக்கு ஆர்த்தோ மெழுகு, அதாவது கிளிப் உரசாமல் மேலே மூடி வைக்கும் மென்மையான மெழுகு. 'ஒட்டவே மாட்டேன் என்கிறது' என்பது பலரின் புகார். ஈரத்தில் வைத்தால் ஒட்டாது. முதலில் பல் துலக்கி, உரசும் பிராக்கெட்டை டிஷ்யூ காகிதத்தால் துடைத்து உலர்த்துங்கள். பட்டாணி அளவு மெழுகை விரல் சூட்டில் உருட்டி, பிராக்கெட் முழுதும் மூடும்படி அழுத்துங்கள். சாப்பிடும்போதும் துலக்கும்போதும் எடுத்துவிட்டு, பிறகு புதிதாக வையுங்கள். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்பு கலந்து, தினம் மூன்று நான்கு முறை கொப்பளிக்கட்டும். உள்தோல் மெல்லப் பழகிக்கொள்ளும்.

புண் இரண்டு வாரம் கடந்தும் ஆறாவிட்டால், வீக்கமோ காய்ச்சலோ வந்தால், ஒரு பல் மட்டும் அதிகமாக ஆடினால் உடனே காட்டுங்கள். அடுத்தடுத்து வயர் மாற்றும்போதும் ஓரிரு நாள் வலிக்கும்.

கேள்வி: கடைவாயில் வயர் முனை குத்துகிறது. வீட்டிலேயே வெட்டலாமா?

பதில்: வெட்டிய துண்டு தொண்டைக்குள் போகலாம். சுத்தமான, ஈரமான பஞ்சுக்குச்சியால் (இயர் பட்) முனையைப் பல் பக்கமாக மெல்லத் தள்ளிப் பாருங்கள். நகரவில்லையென்றால் மெழுகால் மூடிவிட்டு, கிளினிக்குக்குப் போன் செய்யுங்கள். அங்கே வெட்டிவிட ஐந்து நிமிட வேலைதான். அடுத்த முறை போகும்வரை பொறுத்திருக்க வேண்டியதில்லை.