அப்பலாச்சியப் பிராந்திய ஆணையம் யாருக்கு, எப்படிப் பணம் தருகிறது?

கேள்வி: அமெரிக்காவில் அப்பலாச்சிய மலைப்பகுதிக்கென்று ஓர் அரசு ஆணையம் இருக்கிறதாமே, அது என்ன செய்கிறது?

சுருக்கமாகச் சொன்னால், நாட்டோடு சேர்ந்து வளராமல் பின்தங்கிப்போன மலைப்பகுதியைத் தூக்கிவிட 1965-இல் அதிபர் ஜான்சன் ஆட்சியில் தொடங்கிய அமைப்பு. 13 மாநிலங்களில் 423 கவுண்டிகள் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) இதன் எல்லைக்குள் வருகின்றன. மேற்கு வர்ஜீனியா மட்டும் முழு மாநிலமாகவே உள்ளே இருக்கிறது.

இதை வாஷிங்டன் தனியாக நடத்துவதில்லை. அதிபர் நியமிக்கும் ஓர் இணைத்தலைவர், கூடவே 13 ஆளுநர்கள். அங்கே ஆளுநர் என்றால் நம் ஊர் முதல்வர் மாதிரி, மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர். இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டால்தான் எதுவும் நடக்கும்.

சரி, பணம் எப்படிப் பிரிகிறது? எனக்குப் பிடித்த பகுதி இதுதான். வேலையின்மை, தனிநபர் வருமானம், வறுமை மூன்றையும் பார்த்து ஆண்டுதோறும் கவுண்டிகளை ஐந்து தட்டுகளாகப் பிரிக்கிறார்கள். மிக நலிந்த தட்டுக்குத் திட்டச் செலவில் 80% வரை கிடைக்கும். அதற்கு அடுத்ததற்கு 70%, நடுத்தட்டுக்கு 50%, அப்புறம் 30%. மேல்தட்டுக்குப் பொதுவாக ஒன்றும் கிடையாது. நிலக்கரித் தொழில் போன பிறகு நொடிந்துபோன, மேற்கு வர்ஜீனியாவின் மெக்டவல் கவுண்டி 10 லட்சம் டாலரில் குடிநீர்க் குழாய் போட நினைத்தால், 8 லட்சம் வரை கேட்கலாம். மீதியை மாநிலமோ உள்ளாட்சியோ வேறெங்காவது புரட்ட வேண்டும். நொடித்த ஊருக்கு அந்த 20 சதவீதமே பெரும்பாடு!

பெரிய செலவு சாலைக்குத்தான். மலையைக் குடைவது கட்டுப்படியாகாது என்று தேசிய நெடுஞ்சாலைகள் இப்பகுதியைச் சுற்றிக்கொண்டு போயின. அந்தக் குறையைத் தீர்க்க சுமார் 5,000 கி.மீ. சாலை திட்டமிட்டார்கள். பெரும்பகுதி முடிந்துவிட்டது, மிச்சம் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது.