மன்னிப்புக் கடிதம் எழுதித் தராதீர்கள், அம்மா

கேள்வி: எனக்கு 66 வயது. திருச்சியில் ஒரு வீட்டில், பக்கவாதத்தில் படுத்திருக்கும் 84 வயது மூதாட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்கிறேன். போன வாரம் கட்டிலிலிருந்து சரிந்தவரைக் கைகளைப் பிடித்துத் தூக்கினேன். மறுநாள் அவர் கை ஊதா நிறத்தில் கன்றிவிட்டது. வெளியூரில் இருக்கும் அவருடைய மகள் கேமராவில் பார்த்துவிட்டு, நான் அடித்ததாகப் புகார் கொடுத்துவிட்டார். இரவு 7 மணிக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்கிறார்கள். மன்னிப்புக் கடிதம் எழுதித் தந்தால் விட்டுவிடுவதாக அந்த வீட்டில் சொல்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: அம்மா, அந்தக் கடிதத்தை எழுதவே எழுதாதீர்கள். போலீஸிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. ஆனால் அந்த வீட்டாரிடம் நீங்கள் எழுதிக் கொடுத்த கடிதத்தை உங்களுக்கு எதிராகவே காட்டலாம். விழுந்தவரைத் தூக்கியதற்கு எதற்கு மன்னிப்பு?

ஸ்டேஷனுக்கும் நீங்கள் போக வேண்டியதில்லை. பெண்களை அவர்கள் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும் என்கிறது பிஎன்எஸ்எஸ் என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 179-வது பிரிவு. போனில் கூப்பிட்டவரிடம் மரியாதையாக இதைச் சொல்லுங்கள். புகாருக்கு சி.எஸ்.ஆர். (புகாரைப் பெற்றதற்கான ரசீது) மட்டும்தானா, எஃப்.ஐ.ஆர். போட்டாயிற்றா என்றும் கேளுங்கள்.

சாதாரணக் காயம் என்றால் பிஎன்எஸ் என்ற தண்டனைச் சட்டத்தின் 115(2) பிரிவு. அதிகபட்சம் ஓராண்டு தண்டனை, ஜாமீன் தரக்கூடிய பிரிவு. மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் இதை விசாரிக்கவே முடியாது. அதனால்தான் நம் ஊரில் பல புகார்களில், கெட்ட வார்த்தையில் திட்டியதாக, போலீஸ் நேரடியாக விசாரிக்கக்கூடிய 296-வது பிரிவையும் சேர்த்துவிடுகிறார்கள். சேர்த்தாலும் அதுவும் ஜாமீன் தரக்கூடியதே. மூன்றாண்டுக்குக் குறைந்த தண்டனைக்குரிய குற்றத்தில் 60 வயதைத் தாண்டியவரை, டி.எஸ்.பி. அந்தஸ்துள்ள அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் கைது செய்ய முடியாது. திருச்சி மாநகரில் அவர் உதவி கமிஷனர். சூரியன் மறைந்த பிறகு பெண்ணைக் கைது செய்வதும், மிக அவசியமான சூழல் தவிர, கூடாது. எலும்பு முறிவு என்று புகார் மாறினால் மட்டும் விஷயம் வேறு. அப்போது மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமலே போலீஸ் விசாரிக்கலாம்; ஆனால் அதுவும் ஜாமீன் தரக்கூடிய பிரிவுதான்.

இந்த வழக்கின் உயிர் மருந்துச் சீட்டில் இருக்கிறது. பக்கவாதம் வந்த பலருக்கு, ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்றவை கொடுப்பது வழக்கம். அந்த வயதில் தோல் மெலிந்திருக்கும்; இந்த மாத்திரையும் சேர்ந்தால், லேசாக அழுத்திப் பிடித்தாலே கன்றிவிடும். தினம் மாத்திரை கொடுத்தவர் நீங்கள்தானே? பெயர்களை நினைவிருக்கும்போதே எழுதி வையுங்கள். எந்த டாக்டர் பார்க்கிறார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கேமரா. மகள் பார்த்தது ஒரு துண்டாக இருக்கலாம். அந்த மூதாட்டி சரிந்தது முதல் நீங்கள் படுக்க வைத்தது வரை முழுப் பதிவும் வேண்டும். பழைய பதிவு தானாக அழிந்துபோகும் கேமராக்கள் நிறைய. ஆகவே நாளைக்கே, முழுப் பதிவையும் கைப்பற்றிப் பாதுகாக்கும்படி ஆய்வாளருக்கு ஸ்பீடு போஸ்ட்டில் மனு அனுப்பி, நகலை வைத்துக்கொள்ளுங்கள். போலீஸிடம் சொல்லும் வாக்குமூலத்தில் நீங்கள் கையெழுத்திட வேண்டியதில்லை. வெள்ளைத்தாளில் கேட்டால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள்.

வக்கீல் ஃபீஸை நினைத்துக் கலங்காதீர்கள். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. 15100-க்கு அழையுங்கள், அல்லது கோர்ட் வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு ஆதார் அட்டையோடு காலையிலேயே போய்விடுங்கள்.