மருந்துக்கடை பாக்கியும் தசமபாகமும்

அன்புள்ள அண்ணனுக்கு,

எங்கள் வீட்டு வருமானம் மாதம் 22,000 ரூபாய். அம்மாவுக்கு வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ். போன மாதம் ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில், தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு, கொடுக்காதவன் தேவனை வஞ்சிக்கிறான், அவன் வீட்டில் வியாதி தீராது என்று பிரசங்கித்தார்கள். பயந்துபோய் 2,200 ரூபாயைக் கவரில் போட்டுக் கொடுத்துவிட்டேன். இப்போது மருந்துக்கடையில் பாக்கி நிற்கிறது. இந்த மாதம் கொடுக்காவிட்டால் பாவமா?

ஒரு சகோதரி, தூத்துக்குடி

அன்புள்ள தங்கைக்கு,

பாவம் இல்லை. மருந்துக்கடை பாக்கியை முதலில் அடைத்துவிடுங்கள், மீதியை அப்புறம் பேசலாம்.

உங்களைப் பயமுறுத்திய வசனம் மல்கியா 3-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. 8-ஆம் வசனத்தை உரக்க வாசித்தவர் அதற்கு மூன்று வசனம் முன்னால் போயிருந்தால், கூலிக்காரனின் கூலியை அபகரிப்பவர்கள்மேலும் விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் ஒடுக்குகிறவர்கள்மேலும் கர்த்தருக்கு இருக்கும் கோபத்தைப் பார்த்திருப்பார். 10-ஆம் வசனத்தில் பண்டசாலைக்குக் கொண்டுவரச் சொல்வதும் ‘என் ஆலயத்தில் ஆகாரம் உண்டாயிருக்க’த்தான். உபாகமம் 14-ஐயும் எடுத்துப் பாருங்கள்: மூன்றாம் வருஷத்துத் தசமபாகத்தை ஊர் வாசலிலேயே வைக்க வேண்டும், ஆலய ஊழியம் செய்யும் லேவியனும் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் வந்து சாப்பிட்டுத் திருப்தியடைய வேண்டும். வியாதிக்காரத் தாயின் மருந்துக் காசை எடுத்துப் போடச் சொல்லும் சட்டம் இதில் எங்கே இருக்கிறது? பெற்றோருக்குச் செய்ய வேண்டியதை ‘கொர்பான்’, அதாவது காணிக்கை, என்று சொல்லித் தட்டிக் கழித்தவர்களை இயேசு எவ்வளவு கடுமையாகப் பேசினார் என்பது மாற்கு 7-இல் இருக்கிறது. உங்கள் அம்மாவின் ஊசிக்குப் போகும் பணமும் கர்த்தருடைய பணம்தான், அது சரியான இடத்துக்குத்தான் போகிறது.

அதற்காகக் கொடுப்பதையே விட்டுவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன், கொடுக்கிற வீட்டில் வளர்ந்தவன் நான். எங்கள் ஆச்சி உலை வைக்கும்போது, அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து அடுப்படி மூலையில் இருக்கும் தகர டப்பாவில் போடுவாள், சனிக்கிழமை ராத்திரி அதைப் பையில் கொட்டிக் கட்டுவாள், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும். மழை பொய்த்த வருஷம் பிடி சிறுத்து, மூன்று விரலால் கிள்ளிப் போட்டதையும் பார்த்திருக்கிறேன். கிள்ளிப் போட்ட நாளிலும் அவள் முகத்தில் பயம் இருந்ததில்லை. மிசோரம் சபைகளில் இந்தப் பிடியரிசி வழக்கம் நூறு வருஷத்துக்கும் மேலாக நடக்கிறது, மிஷனரிகளை அனுப்புகிற அளவுக்கு அந்த அரிசி சேர்கிறது.

நம் திருநெல்வேலிச் சீமையில் 1903-இல் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியபோது, இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பதுதான் ஏற்பாடு. பனையேறிகளும் சிறு விவசாயிகளும் நிறைந்த சபைகள் அவை. அந்தக் காசில்தான் தெலுங்கு நாட்டு தோர்ணக்கல்லுக்கு ஊழியர்கள் போனார்கள். வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா அதில் முன்னின்றவர், 1912-இல் அந்தத் தோர்ணக்கல்லுக்கே பேராயர் ஆனார். வியாதி வரும் என்று மிரட்டி இதையெல்லாம் செய்ய வைக்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.

பவுல் 2 கொரிந்தியர் 8-இல் எழுதியது இன்னும் தெளிவு: ‘ஒருவனுக்கு மனவிருப்பமிருந்தால், அவனுக்கு இல்லாததின்படியல்ல, அவனுக்கு உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும்.’ ஆகவே இந்த மாதம் இருபது ரூபாய் மனசார முடிந்தால் இருபது போடுங்கள். முடியவில்லையா, வெறுங்கையோடு கோயிலுக்குப் போய் முன்வரிசையில் உட்காருங்கள். அப்புறம் ஒன்று, உங்கள் சேகரத்துக் குருவானவரைப் பார்த்து அம்மாவின் வைத்தியச் செலவை மறைக்காமல் சொல்லுங்கள். ஒருவருடைய மிகுதி இன்னொருவருடைய குறைவுக்கு உதவட்டும் என்று பவுல் எழுதியதும் அதே அதிகாரத்தில்தான், இப்போது அந்தக் குறைவு உங்கள் வீட்டில் இருக்கிறது. கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். குருவானவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள், அம்மாவுக்காக ஜெபிக்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்