ஏற்பு மடல் மூன்றே நாளில் வந்தால்

கேள்வி: பாக் விரிகுடாவில் கிடைக்கும் நீலக்கால் நண்டின் சினைப் பருவம் பற்றிய என் முனைவர் பட்ட ஆய்வுக் கட்டுரையை, முகவர் ஒருவர் சொன்ன ஆய்விதழுக்கு அனுப்பினேன். மூன்றே நாளில் ஏற்பு மடலும், ரூ.9,500 கட்டச் சொல்லும் பில்லும் வந்தன. பதிப்புரிமைப் படிவத்தில் நான் இன்னும் கையெழுத்திடவில்லை. விலகிக்கொள்வதாகச் சொன்னால், விலகல் கட்டணம் ரூ.4,000 கேட்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: இது பணத்துக்காக எதையும் ஏற்கும் போலி இதழாகவே தெரிகிறது. இரண்டு தொகையையும் கட்டாதீர்கள். பதிப்புரிமைப் படிவத்தில் நீங்கள் கையெழுத்திடாத நிலையில், கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகத் தேதியிட்டு, நெறியாளருக்கும் நகல் வைத்து, இன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்பி, அவர்களிடமிருந்து எழுத்தில் உறுதி கேளுங்கள். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து நினைவூட்டல் அனுப்பிவிட்டு, அடுத்த ஆய்விதழின் பதிப்பாசிரியரிடம் நடந்ததை மறைக்காமல் சொல்லி, அங்கே அனுப்பலாம். அதற்குள் அவர்களே தளத்தில் ஏற்றிவிட்டால் சிக்கல்தான். ஒரே கட்டுரை இரண்டு இடத்தில் வெளியானதாக ஆகிவிடும். ஆகவே தாமதிக்க வேண்டாம்.

சினைப்பையின் நுண்ணோக்கிப் படங்களையும் மாதவாரி அட்டவணைகளையும் விஷயம் தெரிந்த ஒருவர் நிதானமாகப் பார்த்துக் கருத்து எழுத மூன்று நாள் எப்படிப் போதும்? உங்களுக்கு வந்த மடலில் மதிப்பீட்டாளரின் ஒரு கேள்விகூட இல்லை என்றால், கட்டுரையை யாரும் படிக்கவில்லை என்றே கொள்ளுங்கள். அட்டையில் உள்ள ஐ.எஸ்.எஸ்.என். என்ற இதழ் அடையாள எண்ணைக் காட்டி முகவர் சமாதானம் சொல்லக்கூடும். அது வண்டியின் நம்பர் பிளேட்டைப் போன்றது. ஓட்டுநருக்கு உரிமம் உண்டா என்பதை அது சொல்லாது. ஆய்விதழ்களுக்குத் தரப்படும் நாஸ் (NAAS) மதிப்பெண்ணை முகவர் அனுப்பும் படத்தில் பார்க்காமல், தேசிய வேளாண் அறிவியல் கழகம் வெளியிடும் அந்த ஆண்டுப் பட்டியலிலேயே பாருங்கள். பெயரையும் எண்ணையும் திருடி, அசலைப் போலவே போலித் தளம் நடத்துவோரும் இருப்பதால், இணைய முகவரியை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: கட்டணம் கேட்பதாலேயே ஓர் ஆய்விதழ் போலியாகிவிடாது. வாசகர் இலவசமாகப் படிப்பதற்காக ஆசிரியரிடம் கட்டணம் வாங்கும் தரமான இதழ்கள் ஏராளம். பல ஆயிரம் ரூபாய் ஆகும், லட்சத்தைத் தாண்டுவதும் உண்டு. ஆனால் அங்கே தொகை முன்கூட்டியே தளத்தில் எழுதப்பட்டிருக்கும், மதிப்பீடு நடந்து ஏற்ற பிறகே பில் வரும், பணம் நிறுவனக் கணக்குக்குப் போகும். தனிநபரின் ஜிபே எண் கொடுத்தால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் பட்டியலில் இன்னொருவர் பெயரைச் சேர்த்தால் தள்ளுபடி என்று முகவர் சொன்னால், அவர் விற்பது உங்கள் கட்டுரையைத்தான்.

இந்த முகவர்களை வளர்த்தது யார்? 2022 விதிகளில் ஆய்வேட்டுக்கு முன் கட்டுரை கட்டாயம் என்பதைப் பல்கலைக்கழக மானியக் குழு கைவிட்டது. தான் ஏற்கும் ஆய்விதழ்களைத் தொகுத்த கேர் (UGC-CARE) பட்டியலையும் 2025 பிப்ரவரியில் நிறுத்தி, தரம் பார்க்கும் பொறுப்பைக் கல்வி நிறுவனங்களிடமே தள்ளிவிட்டது. ஆனாலும் வேலைக்கான நேர்காணல் மேசையில் மட்டும் இன்னமும் கட்டுரைகளை எண்ணித்தான் பார்க்கிறார்கள், படித்துப் பார்ப்பதில்லை.

உங்கள் நண்டுக் கட்டுரைக்கு 1950களிலிருந்து வரும் இந்திய மீன்வள இதழும், இந்தியக் கடல் உயிரியல் சங்கத்தின் இதழும் பொருத்தமானவை. திருத்தம் கேட்பார்கள், மாதங்கள் ஆகலாம். பட்டத் தேதியை நெறியாளரிடம் அதற்கேற்பப் பேசி வையுங்கள்.