ஆயிரம் படங்களுக்கு மேல் நடித்த மனோரமா ஆச்சி கோடிகளில் சம்பாதித்திருப்பாரா?

படங்களின் எண்ணிக்கையைப் பார்த்து அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால் நம் சினிமாவில் குணச்சித்திர, நகைச்சுவை நடிகர்களுக்குச் சம்பளம் நாள் கணக்கிலோ, படத்துக்கு மொத்தமாகவோதான். படம் வெள்ளி விழா கண்டாலும், டிவியில் நூறு முறை போட்டாலும் மேற்கொண்டு பணம் வருவது வழக்கமில்லை. ஹாலிவுட்டில் நடிகர் சங்க ஒப்பந்தப்படி மறுஒளிபரப்புக்கும் தொகை உண்டு. இங்கே அடுத்த கால்ஷீட் இருந்தால்தான் அடுத்த வருமானம்.

ஆச்சியின் எண்ணிக்கையை அப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டும். வறுமையால் பதினோரு வயதிலேயே படிப்பை நிறுத்தியவர். நாடகங்களில் நடித்து, 1958இல் கண்ணதாசனின் 'மாலையிட்ட மங்கை' மூலம் நகைச்சுவை வேடத்தில் சினிமாவுக்கு வந்தார். கதாநாயகி என்றால் சில வருடம்தான், நகைச்சுவை என்றால் நீண்டகாலம் நிற்கலாம் என்று கண்ணதாசன் சொன்னதாக அவரே பேட்டிகளில் கூறியிருக்கிறார். பொருளாதாரமாகப் பார்த்தால் அருமையான யோசனை! கதாநாயகிக்கு ஒரு படத்துக்கே பல வாரம் போய்விடும். நகைச்சுவை நடிகை சில நாள் கால்ஷீட்டில் முடித்துவிட்டு அடுத்த செட்டுக்குப் போகலாம். 1964இல் நடந்த திருமணம் இரண்டே ஆண்டில் முறிந்தது; அப்புறம் மகனையும் குடும்பத்தையும் தாங்கியது அவருடைய உழைப்புதான்.

தேசிய விருது 1989இல், பத்மஸ்ரீ 2002இல். 'தில்லானா மோகனாம்பாள்' ஜில் ஜில் ரமாமணிக்கே அந்த மரியாதை கிடைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.